உங்களுக்குத் தெரியுமா? போர்க்களத்துக்கு மேலே ஒரு கண்

● கல்வராயன்மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம். அடிவாரத்தில் கோமுகி அணை, அதைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிச் சமவெளி. முதல் உலகப்போரில் கம்பிவடத்தில் கட்டி ஏற்றிய வேவு பலூன்கள் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் நின்றன. கூடைக்குள் இருந்தவர் தொலைநோக்கியில் எதிரியைப் பார்த்து, தொலைபேசியில் கீழேயுள்ள பீரங்கிப் படைக்குச் சொல்வார்.

● விமானம் போருக்குப் போனது முதலில் வேவு பார்க்கத்தான். 1911 அக்டோபர் 23 அன்று இத்தாலியின் கார்லோ பியாட்சா, லிபியாவில் துருக்கிப் படைகளை வானிலிருந்து பார்த்துவந்தார். முதல் குண்டு விழுந்தது நவம்பர் 1 அன்று.

● இந்தியா இதில் முந்திக்கொண்டது. 1911 ஜனவரியிலேயே ஔரங்காபாத் பக்கம் நடந்த ராணுவ ஒத்திகையில் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானம் பறந்தது. ஓட்டியவர் ஹென்றி ஜூலெரோ. உடன் அமர்ந்து வேவு பார்த்தவர் கேப்டன் செஃப்டன் பிராங்கர்.

● உத்தரப் பிரதேசத்தின் சீதாபூரில், முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு ராணுவ விமானப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதன் விமானிகள் 1914 நவம்பரில் எகிப்து போய்ச் சேர்ந்தார்கள். சினாய் பாலைவனத்தில் துருக்கிப் படை நகர்வதை விமானங்கள் முன்கூட்டியே கண்டன. 1915 பிப்ரவரி 3 அன்று சூயஸ் கால்வாயில் தாக்குதல் வந்தபோது, காவலிருந்த இந்தியச் சிப்பாய்கள் தயாராக இருந்தார்கள்.

● 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. போலியாக நான்காவதை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போலத் திரிந்தது. கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய தென்னாற்காடு உட்பட, நம் கரை முழுவதிலும் அன்று கடலை மேலிருந்து கவனிக்க ஒரு விமானமும் இல்லை.

● அடுத்து வந்த 'வுல்ஃப்' என்ற ஜெர்மானியக் கப்பலோ தன் கண்ணையே கூடக் கொண்டுவந்தது. அதன் கடல்விமானம் 'வுல்ஃப்ஹென்'. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே வுல்ஃப் விதைத்த கண்ணிகளில் சிக்கி 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' கப்பல்கள் மூழ்கின. செப்டம்பரில் மாலத்தீவு அருகே ஜப்பானின் 'ஹிட்டாச்சி மாரு' பிடிபட்டபோது, அந்தக் குட்டி விமானம் தலைக்கு மேல் வட்டமிட்டதைப் பயணிகள் பார்த்தார்கள்.

● 1915 மார்ச் 10, பிரான்சின் நவ் ஷாப்பெல். விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து ஜெர்மானியப் பதுங்குகுழிகளை வரைபடமாக்கி, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் சுமார் 1,500 பிரதிகள் தந்தார்கள். தாக்கிய பிரிட்டிஷ் படையில் ஏறக்குறையப் பாதி இந்தியப் படை. முதல் வரிசை விரைவில் விழுந்தது. பிறகு தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, முன்னேற்றம் நின்றது. முன்வரிசையில் நடப்பதைப் பின்னாலிருந்த தளபதிகளிடம் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனதற்கு உயிர்களே விலை. அவ்வூரிலுள்ள நினைவுச்சின்னம் மேற்கு முனையில் மாண்ட 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கானது.

● விமானத்திலிருந்தவர் கண்டதைக் கீழேயுள்ள பீரங்கிக்குச் சொன்னது கம்பியில்லாத் தந்தி. இலக்கை மையமாக வைத்து மனத்தில் ஒரு கடிகாரம் வரைந்துகொள்வார்கள். 12 என்றால் வடக்கு, 3 என்றால் கிழக்கு. எத்தனை கெஜம் தள்ளி விழுந்தது என்பதற்கு ஓர் எழுத்து. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போதும், பீரங்கி தன் குறியைத் திருத்திக்கொள்ளும்.

● வேவு விமானத்தை விரட்டவும், தம் வேவு விமானத்தைக் காக்கவும்தான் சண்டை விமானம் உருவானது. கல்கத்தாவில் பிறந்த சண்டை விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் கண்டார். அதே ஜூலை 22 அன்று வானிலேயே வீழ்ந்தார். வயது 19.

● போரில் தேறிய வான்படக் கலை 1924இல் காட்டுக்கு வந்தது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த பர்மாவின் ஐராவதி கழிமுகக் காடுகளை விமானத்திலிருந்து படமெடுத்து அளந்தார்கள். இன்று இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, கல்வராயன்மலை உட்பட நாட்டின் காடுகள் வளர்கின்றனவா, தேய்கின்றனவா என்று கணக்கெடுக்கிறது. மேலிருந்து பார்க்கும் கலைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.