சாளரச் சட்டத்துள் ஒளிந்திருக்கும் அரை விழுக்காடு

தில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் 2018 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட நிலையங்களுள் ஒன்றுக்குச் சர் எம். விஸ்வேஸ்வரய்யா மோதி பாக் என்று பெயர். பத்ராவதி இரும்பாலையோடு என்றும் சேர்த்து நினைக்கப்படும் பொறியாளர் அவர். ஆனால் அந்த நிலையத்தில் இறங்கிய நாம் அன்று பேசப் போனது இரும்பைப் பற்றி அன்று. வீடுகளின் சாளரங்களில் இரும்பையும் மரத்தையும் மெல்ல அகற்றிவிட்டு இடம்பிடித்துள்ள அலுமினியத்தைப் பற்றி.

மோதி பாக் தமிழர்க்குப் பழகிய பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கே நடைபெறுகிறது. பக்கத்து இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகன் கோயில். அரசு ஊழியர் குடியிருப்பில் நெடுங்காலம் வாழ்ந்து, ஓய்வை எதிர்நோக்கும் நண்பர் ஒருவர் சென்னையின் கடற்கரையை ஒட்டிய பகுதியில் வீடு கட்டி வருகிறார். அவர் நம் முன் இரண்டு விலைப்புள்ளிகளை வைத்தார். இரண்டிலும் சதுர அடிக் கணக்கு; இரண்டிலும் “அலுமினிய ஜன்னல், கண்ணாடியுடன்” என்ற ஒரே வாசகம். விலையில் மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு. வீட்டுக் கடனின் தவணை வந்துகொண்டிருக்கும் வேளையில் எவரும் குறைந்த விலையையே நாடுவர். ஆயினும் அலுமினியம் என்ற ஒரு சொல், வாங்குபவருக்கு எதையும் உறுதி செய்வதில்லை என்பதை அறிந்துகொள்வது நலம்.

தூய அலுமினியம் மென்மையானது. பலகாரக் கடையில் பொட்டலம் கட்டும் மெல்லிய தாளுக்கு அது போதும், சாளரத்துக்குப் போதாது. சாளரச் சட்டங்களுக்கு உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 6063 என்னும் எண் பெற்ற உலோகக் கலவை. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு இணையானது 63400. விவரம் அறிந்த கடைக்காரர்கள் இந்த எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வர். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் அலுமினியமே. மெக்னீசியம் 0.45 முதல் 0.9 விழுக்காடு, சிலிக்கன் 0.2 முதல் 0.6 விழுக்காடு. இந்த அரை விழுக்காட்டுக் கணக்கில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம் வீட்டு முறுக்கு உழக்கை நினைத்துக்கொண்டால் இதன் உருவாக்கம் எளிதில் விளங்கும். ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய அலுமினியத் துண்டை, வேண்டிய வடிவில் துளையிட்ட எஃகு அச்சின் வழியே பேரழுத்தத்தில் பிதுக்குகின்றனர். உருகாமலே, குழலாகவும் பள்ளமாகவும் காடியாகவும் நீண்டு வருகிறது சட்டம். வெளிவந்ததும் காற்றாலோ நீராலோ விரைவாகக் குளிரவைக்கின்றனர். அந்நிலையில் மெக்னீசியமும் சிலிக்கனும் அலுமினியத்துள் கரைந்தபடியே சிறைப்பட்டுவிடுகின்றன. பிறகு ஏறத்தாழ 180 பாகை வெப்பத்தில் உலையில் சில மணி நேரம் வைத்தால், அவை இரண்டும் கூடிக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகத் திரள்கின்றன. உலோக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதை அத்துகள்கள் தடுப்பதால் உறுதி பிறக்கிறது. மென்பதத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 90 நியூட்டன் அளவில் அறுபடும் அதே கலவை, டி6 எனப்படும் பதத்தில் 240 நியூட்டன் வரை தாங்குகிறது. சாளரங்களுக்குப் பெரும்பாலும் வரும் டி5 பதம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பதப்படுத்தினால் அலுமினியக் கலவை இறுகும் என்பதை 1906இல் ஜெர்மானியர் ஆல்பிரட் வில்ம் கண்டறிந்தார். அவர் கையாண்டது செம்பு கலந்த வேறொரு கலவை; உலையில் கூட வைக்கவில்லை, சில நாள் அப்படியே கிடந்ததில் தானே இறுகிவிட்டது.

உலையில் வைக்க வேண்டிய நேரத்தைக் குறைத்தாலும், கண்ட பழைய உலோகத்தையும் கணக்கின்றிக் கலந்தாலும், கடையில் நிற்கும் சட்டம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய அலுமினியத்தை உருக்குவது குற்றமன்று. புதிதாகப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் மின்னாற்றலில் இருபதில் ஒரு பங்கே அதற்குப் போதும் என்பதால் அது போற்றத்தக்கதே. கலவையின் அளவைச் சோதித்தார்களா என்பதே கேள்வி. அதற்கு விடை ஆலையின் சோதனைச் சான்றிதழில் இருக்கும். கேட்டால் தருவார்கள், கேட்பவர்தாம் குறைவு.

அடுத்தது கனம். அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. வளையாது நிற்கும் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே காற்றைத் தாங்குவதற்கு உள்ளீடற்ற குழல் வடிவையும் சுவரின் தடிப்பையும் நம்ப வேண்டியிருக்கிறது. சதுர அடிக்கு விலை பேசும்போது தடிப்பைக் குறைப்பதே விற்பவருக்கு எளிய ஆதாயம். நண்பரிடம் இரு கடைகளும் கொடுத்திருந்த மாதிரித் துண்டுகள் இருந்தன. இரண்டும் 100 க்கு 45 மில்லிமீட்டர் குழல், நீளம் 30 சென்டிமீட்டர். சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கினோம். சுவர் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் அத்துண்டு 345 கிராம் நிற்க வேண்டும், 1.2 ஆக இருந்தால் 277 கிராம். விலை மிகுந்த கடையின் துண்டு முதல் கணக்கை ஒட்டியும், மற்றது இரண்டாம் கணக்கை ஒட்டியும் நின்றன. விலையில் கண்ட ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு உலோகத்திலேயே இருந்தது.

மூன்றாவது மேற்பூச்சு. அனோடைசிங் என்பது பூச்சே அன்று. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, உலோகத்தின் மேற்பரப்பையே அலுமினிய ஆக்சைடாக மாற்றுவது அது. மாணிக்கமும் நீலமும் அதே ஆக்சைடின் படிகங்கள் என்றால் அதன் கடினம் விளங்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் அட்டவணை, ஐ.எஸ். 1868 தரப்படி குறைந்தது 15 மைக்ரான் கேட்கிறது. தில்லியின் வறண்ட காற்றுக்கு அது ஏற்றது. சென்னைக் கடற்கரையின் உப்புக் காற்றுக்கு 20 முதல் 25 மைக்ரான் கேட்பதே நம் பரிந்துரை. இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மின்பணியாளரின் மல்டிமீட்டர் முனைகளை மேற்பரப்பில் மெல்ல வைத்தால், படலம் உண்டா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எத்தனை மைக்ரான் என்பதற்குத் தனிக் கருவி வேண்டும்.

பொருத்தும்போது கெடுவதும் உண்டு. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்துக் கறையாக்கும். பூச்சு வேலை முடியும்வரை பாதுகாப்பு ஒட்டுத்தாளை உரிக்கலாகாது. கடலோரத்தில் இரும்புத் திருகாணி தானும் துருவேறி, கறையையும் பரப்பும். துருப்பிடியாத எஃகுத் திருகாணியே தகும். தில்லியின் சனவரிக் குளிருக்கும் சூன் வெயிலுக்கும் இடையே 40 பாகை வேறுபாடு எளிதில் வந்துவிடுகிறது. அதற்கு இரண்டு மீட்டர் சட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஓரங்களில் சிமெண்டை இறுக அடைக்காமல் சிலிக்கோன் பசையால் நிரப்புவது இதனால்தான்.

அலுமினியத்திலும் ஒரு குறை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வெப்பத்தை அது மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் கடத்துகிறது. மோதி பாக்கின் குளிர்காலக் காலைகளில் அலுமினியச் சட்டத்தின் உட்புறம் வியர்த்து நிற்பது அதன் விளைவு. இடையே பாலிஅமைடு பட்டை வைத்த சட்டங்கள் இதைத் தடுக்கும், விலை கூடும். சென்னைக்கு அச்செலவு கட்டாயமன்று என்றோம்.

நண்பர் குறைந்த விலைக் கடையையும் உடனே தள்ளிவிடவில்லை. கலவை 63400, பதம் டி5, சுவர் 1.5 மில்லிமீட்டர், அனோடைசிங் 20 மைக்ரான், திருகாணி துருப்பிடியாத எஃகு என்று ஒரு தாளில் எழுதி, இதே விவரங்களுக்கு விலை கேட்டு இருவருக்கும் அனுப்பினார். சரக்கு வந்து எடை பார்த்த பிறகே கடைசித் தவணை என்பதையும் அடியில் சேர்த்தார். இம்முறை இரு விலைகளுக்கும் இடையே சில நூறு ரூபாயே வேறுபாடு இருந்தது.