ஒட்டும் பசையும் விடும் பசையும்

சோறு வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடித்தவர்கள் நம் முன்னோர். அதே கஞ்சியில் வேட்டியையும் சேலையையும் தோய்த்து, வெயிலில் உலர்த்தி, மொடமொடவென்று மடித்து உடுத்தியவர்களும் அவர்களே. நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சியிட்டனர். புத்தகம் கட்டுவோர் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கிப் பூச்சி அரியாதிருக்கச் சிறிது மயில்துத்தமும் கலந்தனர். பட்டம் கட்டும் யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு அந்தப் பசையும் வாய்க்காதபோது நறுவிலிப் பழம் கைகொடுத்தது. அப்பழத்தின் பசை வேறு இனத்தது ஆதலின் அதனை இங்கே விட்டுவிடுவோம்.

கஞ்சியும் மாப்பசையும் ஒரே பொருளின் இரு கோலங்கள். அதற்கு மாப்பொருள் என்று பெயர். கடையிலிருந்து நாம் கொண்டுவரும் மட்டைப்பெட்டியிலும், எழுதும் தாளிலும், தக்காளிச் சோசிலும், காய்ச்சலுக்கு விழுங்கும் குளிசையிலும் அது பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அடுக்களைக் கஞ்சியின் வடிவில் அன்று. இரசாயனர் கைபட்டு உருமாறிய வடிவில் இருக்கிறது. அதற்குப் போட்டியாக இருபதாம் நூற்றாண்டில் வந்தவை செயற்கைப் பல்பகுதியப் பசைகள்.

ஒரு பசையைக் கண்டால், அது எவ்வளவு உறுதியாக ஒட்டும் என்றே நாம் எல்லோரும் கேட்போம். தொழிற்சாலை நடத்துவோருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வேலை முடிந்தபின் அது எப்படி விடும் என்பதே அக்கேள்வி. நேயர்கள் இந்த இரண்டாவது கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே சொல்லப்போவதைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

மாப்பொருள் என்பது குளுக்கோசு அலகுகள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. அதில் இரு வகை உண்டு. அமைலோசு நீண்ட நூல் போன்றது. அமைலோபெத்தின் கிளைவிட்ட மரம் போன்றது. இவை இரண்டும் நெருங்கிச் செறிந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாக அரிசியிலும் சோளத்திலும் மரவள்ளிக் கிழங்கிலும் உறைகின்றன. குளிர்ந்த நீரில் இட்டால் அம்மணிகள் கரைவதில்லை. அடியில் வண்டலாகப் படியும். ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது, மணிகள் நீரைக் குடித்துப் பருத்து, கட்டவிழ்ந்து கூழாகின்றன. ஆறும்போது, பிரிந்த சங்கிலிகள் மறுபடியும் அணிவகுக்க முயல்கின்றன. காலையில் அவித்த இடியப்பம் மாலையில் விறைத்துப்போவது இதனாலேதான்.

வீட்டுக் கஞ்சியின் குறைகளும் இங்கிருந்தே பிறக்கின்றன. நெடுநேரம் கொதித்தால் அது நீர்த்துப்போகும். ஆறினால் உறைந்து, பின் நீரைக் கக்கும். இரண்டு நாளிற் புளிக்கும். கஞ்சியிட்ட துணியைப் பெட்டியில் வைத்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வந்துவிடும். வீட்டில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குப் பல்லாயிரம் பெட்டி ஒட்டும் ஆலையில் பொறுக்க முடியாது.

எனவே மாப்பொருளைத் திருத்தும் கலை தோன்றிற்று. அதன் முதல் வழி சங்கிலியை வெட்டுதல். 1811-ல் சென் பீற்றர்சுபேக் நகரில் கேர்க்கோவ் என்னும் இரசாயனர் மாப்பொருளை அமிலத்தோடு கொதிக்கவைத்தபோது அது இனிப்பான பாகாக மாறக் கண்டார். சங்கிலி முற்றாக வெட்டுண்டு குளுக்கோசாகிவிட்டது. முற்றாக வெட்டாமல் பாதியிலே நிறுத்தினால் கிடைப்பது டெக்சுத்திரின் என்னும் பசை. மாப்பொருளை உலர்ந்த நிலையில் வறுத்தாலும் அது கிடைக்கும். 1821-ல் டப்ளின் நகரத்துத் துணியாலை ஒன்றில் தீப்பற்றியபோது, கருகிப் பழுப்பேறிய மாவின்மேல் தீயணைத்த நீர் பட்டுப் பிசுபிசுப்பதைத் தொழிலாளர் கண்டனர் என்றும், அதுவே இப்பசையின் பிறப்பு என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கடித உறையின் ஓரத்தில் நெடுங்காலம் பூசிவந்த பசை டெக்சுத்திரினே. 1840-ல் பிரித்தானியா வெளியிட்ட உலகின் முதல் அஞ்சல் முத்திரைக்கும் உருளைக்கிழங்கு மாப்பொருள் சேர்ந்த பசையே பூசப்பட்டது. நாவின் ஈரத்தில் ஒட்டும். கிண்ணத்து நீரில் ஊறினால் விடும். முத்திரை சேர்ப்போர் இந்த இரண்டாவது குணத்துக்குப் பெரிதும் கடன்பட்டவர்கள்.

விடும் குணத்தின் அருமையை நெசவுத் தொழிலிற்போல வேறெங்கும் காண முடியாது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒவ்வொரு முறையும் மேலும் கீழும் இழுபட்டு, அச்சிலே உராய்கிறது. வெறும் நூலானால் பிசிர் எழும்பி அறுந்துவிடும். அதனாற் பாவுக்குக் கஞ்சியிட்டு, நூலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை உண்டாக்குகிறார்கள். துணி நெய்து முடிந்ததும் அந்த உறை பகையாகிவிடுகிறது. அது இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஆதலால் இட்ட கஞ்சி அவ்வளவையும் மறுபடி கழற்ற வேண்டும். முற்காலத்தில் துணியை நீரில் ஊறப்போட்டு, கஞ்சி தானே அழுகிக் கழலும் வரை காத்திருந்தனர். சில வேளை துணியும் சேர்ந்து அழுகியது. 1833-ல் பயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு இரசாயனர் இருவர், முளைவிட்ட வாற்கோதுமையில் மாப்பொருளை அறுக்கும் நொதியம் இருப்பதைக் காட்டினர். சோற்றை நெடுநேரம் மென்றால் வாயில் இனிப்பதும் இத்தகைய நொதியம் ஒன்றின் வேலையே. பின்னர் 1917 அளவில் பற்றீரியாக்களிலிருந்து இன்னும் வலிய நொதியத்தைப் பெறும் வழி கிடைத்தது. இன்று ஆலைகளில் அதன் கரைசலில் துணியைத் தோய்க்க, கஞ்சி கரைந்தோடுகிறது, நூலுக்குச் சேதமில்லை.

மட்டைப்பெட்டியின் பசையும் அழகான தந்திரமுடையது. நெளிந்த தாளின் முகடுகளை இரு புறமும் சமதாளில் ஒட்ட வேண்டும். இயந்திரமோ காற்றாய்ப் பறக்கிறது. முன்னரே காய்ச்சிய கூழைப் பூசினால் அதன் நீர் உலர நேரம் போதாது. 1930களில் அமெரிக்காவில் இதற்கொரு வழி கண்டனர். மாப்பொருளின் சிறு பங்கை மட்டும் எரிசோடாவோடு காய்ச்சிக் கூழாக்கி, எஞ்சிய பெரும்பங்கைப் பச்சையாகவே அதிற் கலந்தனர். கூழ், பச்சை மணிகளை அடியிற் படியவிடாமல் தாங்கி நிற்கும். எரிசோடா, மணிகள் குறைந்த சூட்டிலேயே பருக்கும்படி செய்யும். சிறிது வெண்காரம் பிசுபிசுப்பைக் கூட்டும். இக்கலவை பூசிய தாள் சூடான உருளையைத் தொட்ட கணத்தில், பச்சை மணிகள் அவ்விடத்திலேயே சுற்றியுள்ள நீரை உறிஞ்சிப் பருத்து ஒட்டிக்கொள்கின்றன. கஞ்சி காய்ச்சுவது அடுப்பில் அன்று, ஒட்டும் இடத்திலேயே நடக்கிறது! பழைய பெட்டியை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி மீண்டும் தாளாக்கும்போது, இப்பசை தடை செய்வதுமில்லை.

சங்கிலியை வெட்டுவதற்கு மாறான வழியும் உண்டு. அது சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தல். சோசும் தயிரும் இனிப்புக் கூழும் செய்வோருக்கு இதுவே வேண்டும். சில நூறு முதல் சில ஆயிரம் குளுக்கோசு அலகுகளுக்கு ஒன்று என்ற அளவில் பொசுபேற்றுப் பிணைப்புப் போட்டாலே போதும். பருத்த மணி கொதியிலும் புளிப்பிலும் சிதையாது நிற்கும். சங்கிலியின் ஓரங்களில் அசற்றைல் போன்ற சிறு கூட்டங்களைத் தொங்கவிட்டால், குளிரில் சங்கிலிகள் அணிவகுக்க முடியாமற்போகும். நீர் கக்குவதும் நிற்கும்.

உலகப் போரும் இக்கதையில் ஒரு பாத்திரம் ஏற்கிறது. பசைக்கும் இனிப்புக் கூழுக்கும் அமெரிக்கர் விரும்பி வாங்கியது யாவாத் தீவின் மரவள்ளி மாப்பொருள். 1942-ல் யப்பானியர் அத்தீவைக் கைப்பற்ற, வரவு நின்றது. சீனாவிலிருந்து 1908-ல் அமெரிக்காவுக்குச் சென்று, ஆய்வுத் தோட்டங்களில் ஒரு விந்தைப் பொருளாகக் கிடந்த மெழுகுச் சோளத்தை அப்போதுதான் நினைவுகூர்ந்தனர். அதன் மாப்பொருள் ஏறக்குறைய முழுதும் அமைலோபெத்தின். ஆகவே ஆறினாலும் உறையாது. அயோவா மாநிலத்தில் அதைப் பெருக்கிப் பயிரிட்டனர். அதே போரின்போது மலாயாப் பக்கத்துச் சவ்வரிசி வராமற்போனதே தமிழ்நாட்டில் சேலத்து மரவள்ளி ஆலைகள் தழைக்கவும் காரணமாயிற்று.

சோசுப் போத்தலின் சுட்டுத்துண்டில் 1422 என்றோ 1442 என்றோ இலக்கம் இருந்தால், அது இவ்வாறு பிணைத்தும் தொங்கவிட்டும் திருத்திய மாப்பொருளையே குறிக்கிறது. பரம்பரையலகு மாற்றிய பயிர் என்று இதனை எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். அது வேறு, இது வேறு. இங்கே மாற்றப்பட்டது பிரித்தெடுத்த மாப்பொருளே. அது எந்தப் பயிரிலிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2017-ல் இவற்றை மீண்டும் ஆராய்ந்து, வழக்கமான அளவில் தீங்கு காணவில்லை என்றது. என் எண்ணத்தில், கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்களே சுட்டுத்துண்டைக் கூர்ந்து பார்க்க வேண்டியவர்கள். மாப்பொருள் கோதுமையிலிருந்து வந்ததா என்பதே அவர்கள் தேட வேண்டிய செய்தி.

குளிசையில் நடப்பது இன்னும் வியப்பானது. மருந்துப் பொடியை மாப்பொருட் கூழால் பிசைந்து மணியாக்கி அழுத்துகிறார்கள். அங்கே அது கட்டும் பசை. அழுத்துவதற்கு முன் காய்ந்த மாப்பொருளையும் சிறிது தூவுகிறார்கள். இரைப்பையில் நீர் பட்டதும் இந்தக் காய்ந்த மணிகள் பருத்துக் குளிசையைப் பிளந்துவிடும். ஒரே பொருள் ஒரே குளிசையில் கட்டுகிறது, உடைக்கவும் செய்கிறது. பிளக்காத குளிசை எத்துணை உயர்ந்த மருந்தாயினும் வயிற்றில் கிடக்கும் கூழாங்கல்லே.

இனிச் செயற்கைப் பசைகளைப் பார்ப்போம். யேர்மனியில் கிளாற்றே என்பவர் 1912-ல் பொலிவைனைல் அசற்றேற்றைக் கண்டார். தச்சர் கையாளும் வெள்ளைப் பசை அதுவே. இவையெல்லாம் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் என்று 1920-ல் தெளிவாகச் சொன்னவர் இசுற்றௌடிங்கர்; 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுவருக்குப் பூசும் இக்கால நீர் வர்ணத்தில் இத்தகைய பல்பகுதியம் நுண்துளிகளாக மிதக்கிறது. நீர் ஆவியாகத் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே தோலாகி, நிறத்துகள்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மழை நனைத்தாலும் விடாது. இங்கே விடாமையே வேண்டுவது. துகட்பலகை ஒட்டும் யூரியாப் பசையிலோ வேறொரு தொல்லை. அதிலிருந்து கசியும் போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் வகைப்படுத்தியது. அதனாற் பல நாடுகள் கசிவுக்கு வரம்பு விதித்தன.

1924-ல் யேர்மனியில் பிறந்த பொலிவைனைல் அற்ககோல் நெசவாலைக்குள்ளும் புகுந்தது. பொலியெசுத்தர் கலந்த நூலில் கஞ்சி சரியாகப் பற்றுவதில்லை; இது பற்றும். கழற்றவும் நொதியம் வேண்டாம், வெந்நீர் போதும். அந்த வெந்நீர் ஓடிச் சேரும் இடத்தில்தான் வழக்கு எழுகிறது. கஞ்சி கலந்த கழிவு நீரை நுண்ணுயிர்கள் விரைந்து உண்டு, ஆற்று நீரின் ஒட்சிசனைக் குடித்து மீன்களைத் திணறடிக்கும். இந்தப் பல்பகுதியத்தையோ எல்லா நுண்ணுயிரும் உண்பதில்லை; பழக்கப்பட்டவை இல்லாத நீரில் அது நெடுநாள் தங்கும். வசதியுள்ள ஆலைகள் அதனை நுண்ணிய சவ்வினால் வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகின்றன. கஞ்சிக் கழிவுக்கும் சுத்திகரிப்புக் குளம் வேண்டும். எதை இட்டாலும் கழற்றியதன் கணக்கை யாராவது ஒருவர் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மாப்பொருளையும் பொலித்தீனையும் கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்குமென்று சிலர் கருதினர். 1980களில் அமெரிக்காவில் சிறிது சோள மாப்பொருள் கலந்த பைகள் 'உக்கும் பை' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தன. மண்ணிலே நுண்ணுயிர்கள் மாப்பொருளைத் தின்றன, பொலித்தீனைத் தொடவில்லை. பை துண்டு துண்டானது. துண்டுகள் அப்படியே இருந்தன.

இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோன் தடிப்பும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனும், சோற்றுப் பொதி கட்டும் லஞ்ச் சீற்றும் தடைசெய்யப்பட்டன. மாப்பொருளோடு உக்கக்கூடிய பல்பகுதியத்தைச் சேர்த்துச் செய்யும் பைகள் உலகில் உண்டு. அவற்றிலும் சில, 60 பாகை அளவு சூடேறும் பெரிய பசளைக் குவியலிலேதான் நன்றாக உக்கும்; வீட்டுக் கோடியிற் புதைத்தால் நெடுநாள் கிடக்கும். கடையிற் கொடுத்த பையின்மேல் ஒரு துளி அயடீன் கரைசலை இட்டுப் பார்க்கலாம். நீலக்கறுப்பு நிறம் தோன்றினால் உள்ளே மாப்பொருள் உண்டு. அத்தோடு அந்தத் துளியின் சாட்சியம் முடிகிறது. மீதியாயுள்ள பல்பகுதியம் யாது, அது எங்கே உக்கும் என்பவற்றைப் பையைச் செய்தவரிடந்தான் கேட்டறிய வேண்டும்.