ஸிங்க்கை எங்கே வைப்பது?

சமையலறையைப் புதுப்பிக்கிறோம் என்றால் முதலில் டைல்ஸ் நிறம் பார்க்கிறோம். பிறகு மேடைக்கு கிரானைட்டா, பழைய கடப்பாக் கல்லே போதுமா என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். அடுப்பு எந்த மூலை என்று சொல்ல ஜோசியர்கூட வந்து போகிறார். ஸிங்க் எங்கே வரவேண்டும் என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பழைய குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேயே அது தானாக உட்கார்ந்துவிடுகிறது. அதன் முன்னால் தினமும் நிற்கப் போகிறவள் யாரென்று கொத்தனாருக்குத் தெரியுமா என்ன?

நம் பாட்டி காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சமைப்பது அடுக்களையில், துலக்குவது கிணற்றடியில். புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து தேய்த்தால், கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். கை அலம்பவும் அரிசி களையவும் அடுக்களை மூலையில் சின்னதாக ஓர் அங்கணம் இருந்தால் அதுவே பெரிய வசதி. பின்னாளில் பல வீடுகளில் அந்த மூலையிலேயே ஸிங்க்கைப் பதித்தார்கள். உட்கார்ந்து சமைத்தது போய் நின்று சமைக்கும் மேடை வந்தது. தொட்டி மட்டும் பழைய மூலையை விடவில்லை.

எங்கள் வீடு 1986-ல் கட்டியது. அடுப்பு கிழக்குச் சுவரில். ஸிங்க் மேற்கே, கொல்லைக் கதவை ஒட்டி. நடுவில் 9 அடி. என் மாமியாருக்கு 74 வயது. குக்கர் சாதம் அவருக்கு இறங்காது, வடித்த சோறுதான் வேண்டும். கொதிக்கிற பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு அந்த 9 அடியும் நடந்துபோய்த்தான் கஞ்சி வடிக்க வேண்டும். ஸிங்க்கில் கழுவிய காயும் கையும் சொட்டுகிற தண்ணீர் விழுவதும் அதே வழியில்தான். சென்ற ஆடியில் கால் வழுக்கி, கஞ்சி பாதத்தில் கொட்டி, ஆறு வாரம் படுத்துவிட்டார். "நல்லவேளை, குழந்தைங்க யாரும் குறுக்கே வரலை" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மேடையை உடைக்கத் தீர்மானித்தோம்.

வந்த பிளம்பர், "அம்மா, கழிவுக் குழாய் இங்கதான் இருக்கு. இங்கயே வெச்சா செலவு மிச்சம்" என்றார். என் கணவரும் தலையை ஆட்டினார். நான் ஒரு சாக்பீஸை எடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை, அடுப்பிலிருந்து ஸிங்க்குக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் ஒரு கோடு. மொத்தம் 43! ஃபிரிஜ்ஜுக்குப் போனது 11 தடவைதான். போக வர 18 அடி என்று கணக்குப் போட்டால், காலைச் சமையலுக்கு மட்டும் 774 அடி. அதற்கப்புறம் என் கணவர் செலவைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் கோடு போட்டுப் பாருங்கள்.

அடி எண்ணுவது நான் கண்டுபிடித்த வித்தையல்ல. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக நடையைக் குறைக்கும் சின்னச் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. (அதற்கு முன் தான் வீட்டு நிர்வாகமோ சமையலோ பார்த்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுதான் வேடிக்கை.) 1940-களில் அமெரிக்காவில் அடுப்பு, ஸிங்க், ஃபிரிஜ் மூன்றையும் முக்கோணமாக வைத்து, ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேற்படாமலும் இருக்கட்டும் என்று கணக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு அது சரி. கஞ்சி வடிக்கிற வீட்டுக்கு 9 அடி என்பது ஆபத்து. ஸிங்க்கும் அடுப்பும் ஒரே மேடையில், நடுவே இரண்டரை மூன்று அடி விட்டு இருப்பதே நமக்கு ஏற்றது என்பேன். அந்த இடைவெளி காய் நறுக்கும் இடமாகிவிடும். கழுவி, நறுக்கி, வாணலியில் போடலாம், நடையே இல்லை. அதைவிடக் கிட்டே வைத்தால் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறிக்கும்.

வாஸ்து குறுக்கே வருமே என்று மாமியாருக்குக் கவலை. அக்கினிக்குத் தென்கிழக்கு, தண்ணீருக்கு வடகிழக்கு என்பார்கள். இரண்டுமே கிழக்குச் சுவர்தானே, அத்தை, என்றேன். எங்கள் சுவர் 10 அடி. தென்கோடியில் அடுப்பு, நடுவில் நறுக்குமிடம், அப்புறம் ஜன்னலுக்குக் கீழே ஸிங்க். வடக்கு மூலையில் ஒன்றரை அடி மேடை விட்டோம். மூலையோடு மூலையாக ஸிங்க்கைப் பதித்தால் ஒருபக்கம் சாய்ந்து நின்றுதான் கழுவ வேண்டும். எச்சில் பாத்திரம் வைக்கவும் இடமிருக்காது. கழுவினவை அடுப்புப் பக்கம், எச்சில் மறுபக்கம். ஜன்னலுக்குக் கீழே என்றால், கதவைத் திறந்து மூடக் குழாய் இடிக்காதா என்று முன்னாலேயே அளந்துகொள்ள வேண்டும்.

உயரம் பற்றி எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்தான் சரியாகச் சொன்னாள். "தொட்டி பள்ளமா இருக்குக்கா, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போவுது." உண்மைதானே! மேடை 32 அங்குலம் என்றாலும், கை வேலை செய்வது அதற்கும் 7, 8 அங்குலம் கீழே தொட்டியின் அடியில். முழங்கையை மடித்து நின்று, அதற்கு 3, 4 அங்குலம் கீழே தொட்டி விளிம்பு வந்தால் இடுப்பு பிழைக்கும். அவளை நிற்கவைத்து அளந்தோம், என்னையும் அளந்தோம். ஸிங்க் பக்கம் மட்டும் மேடையை 2 அங்குலம் உயர்த்தினோம். கொத்தனார் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

குழாயை மாற்றுவது பிளம்பர் பயமுறுத்திய அளவுக்குப் பெரிய வேலையில்லை. கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். சுவரைத் துளைத்து வெளிப்பக்கமாகவே கொல்லைச் சேம்பர் வரை 16 அடி கொண்டுபோனோம். 4 அங்குல இறக்கம் தாராளமாகக் கிடைத்தது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இப்படி நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. சுவர் ஓரமாக, மேடைக்கு அடியிலேயே குழாய் போகிற தூரத்துக்குத்தான் நகர்த்தலாம். தரையை வெட்டிப் புதைத்தால், பின்னால் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும்.

இன்னொன்று. நெளிவுக் குழாயை நேரே ஓட்டைக்குள் செருகிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், பாட்டில் டிராப் போடச் சொல்லுங்கள். அதற்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வராமல் தடுக்கிறது. பல நாள் வெளியூர் போய்வந்தால் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

கொல்லைக் குழாயடியை நாங்கள் இடிக்கவில்லை. பொங்கலுக்கும் திவசத்துக்கும் எடுக்கிற அண்டாக்கள் எந்த ஸிங்க்கில் அடங்கும்?