அற்புதமும் உழைப்பும்: சிகிரியாவும் ஆதர் சி. கிளார்க்கின் புனைவுலகும்

இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் விந்தைக் கதைகளும் விஞ்ஞானப் புனைகதைகளும் நமது விமர்சன உலகில் உரிய கவனத்தைப் பெற்றனவல்ல. மரபுவழிப் பண்டிதர்கள் அவற்றை இலக்கியமெனக் கொள்ளத் தயங்கினர். மண்வாசனையையும் யதார்த்தத்தையும் முன்னிறுத்திய முற்போக்கு இலக்கிய இயக்கத்தினரோ அவற்றை வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் எழுத்தென ஒதுக்கினர். இவ்விரு புறக்கணிப்புகளுக்கும் காரணங்கள் வேறு, விளைவு ஒன்றே. கற்பனை எவ்வாறு பிறக்கின்றது, அதன் மூலப்பொருள் யாது, அம்மூலப்பொருளை உருவாக்கியோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே போயின.

மார்க்சிய மூலவர்கள் கற்பனையைப் பகைத்தவர்களல்லர். இயற்கையை மெய்யாக வெல்ல இயலாத காலத்து மனிதர் அதனைக் கற்பனையில் வென்ற முயற்சியே புராணம் என்றும், கிரேக்கக் கலைக்கு அப்புராணமே விளைநிலமாயிற்று என்றும் மார்க்ஸ் கருதினார். 1902இல் வெளிவந்த 'என்ன செய்ய வேண்டும்?' என்னும் நூலிலே, செயலோடு உறவுபூண்ட கனவு புரட்சிக்காரனுக்கு இன்றியமையாதது என லெனின் வாதிட்டார். எனவே, கற்பனை வேண்டுமா வேண்டாமா என்பது நம்முன் உள்ள பிரச்சினையன்று. அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே பிரச்சினை. இதனை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டம் தகுந்ததோர் எடுத்துக்காட்டை வழங்குகின்றது. அம்மாவட்டத்திலுள்ள சிகிரியாக் குன்றினையே தன் கருவாகக் கொண்டு, உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் புனைகதை ஒன்று தோன்றியுள்ளது.

ஆதர் சி. கிளார்க் 1917 டிசம்பர் 16இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தார். தந்தையார் தபாற்றிணைக்களப் பொறியியலாளராயிருந்து பின்னர் விவசாயியானவர். தாயார் தந்தி இயக்குநராகப் பணியாற்றியவர். பதின்மூன்று வயதிலே தந்தையை இழந்த அவர், மலிவுவிலை அமெரிக்க விஞ்ஞானக் கதை இதழ்களையும் ஒலாஃப் ஸ்ரேப்பிள்டனின் நாவலையும் படித்து வளர்ந்தார். விந்தைக் கதைகளின் முன்னோடிகளுள் ஒருவரான டன்சனிப் பிரபுவோடு கடிதத்தொடர்பு கொண்டிருந்தமையும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் றேடார்ப் பணியில் ஈடுபட்டார். 1945இல், பூமியின் சுழற்சியோடு ஒத்தியங்கும் செய்மதிகள் வாயிலாக உலகளாவிய தொலைத்தொடர்பை ஏற்படுத்தலாமென விளக்கிக் கட்டுரை எழுதினார். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச் 19இல் கொழும்பிற் காலமாகும்வரை இந்நாட்டையே வாழிடமாகக் கொண்டார். இளையோருக்கென்றே அவர் எழுதிய நாவல்களும் உள. 1952, 1963ஆம் ஆண்டுகளில் முறையே விண்வெளி நிலையத்தையும் டொல்பின்கள் வாழும் தீவையும் களமாகக் கொண்டு வந்த இரண்டு நாவல்கள் அவற்றுட் சில.

அவரது எழுத்து முறைமையில் மூன்று இயல்புகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, ஒரே கருவுக்கு மீண்டும் மீண்டும் திரும்பும் வழக்கம். ஆல்வின் என்னும் இளைஞனைத் தலைவனாகக் கொண்டு 1948இல் வெளியிட்ட கதையை முற்றாகத் திருத்தி 1956இல் வேறொரு நாவலாக்கினார். 1948இல் எழுதிய சிறுகதை ஒன்றே இருபதாண்டுகளின் பின்னர் '2001' திரைப்படத்துக்கும் நாவலுக்கும் வித்தாயிற்று. இரண்டாவது, தொழிலொழுங்கு. எழுத்தையும் கடிதப் போக்குவரத்தையும் வீட்டுப் பணியறையில் முறையாகக் கவனித்து, பிற்பகலில் மேசைப்பந்து விளையாடச் செல்வது அவரது நீண்டகால வழக்கம். தட்டச்சுப்பொறியிலிருந்து கணினிக்கு விரைந்து மாறிய எழுத்தாளர்களுள் ஒருவரான அவர், 1982இல் வந்த '2010' நாவலைக் கணினியிலேயே எழுதினார். மூன்றாவது இயல்பு நமது நோக்குக்கு மிக முக்கியமானது. நாவலின் இறுதியிற் பின்னுரை சேர்த்து, எது மெய், எது தாம் எடுத்துக்கொண்ட சுதந்திரம், எக்கருத்து எவரிடமிருந்து பெறப்பட்டது என்பவற்றை வாசகருக்குக் கணக்கொப்புவிப்பார். கற்பனையாளனின் கடன்களை இவ்வாறு வெளிப்படையாக ஏற்றுக்கொள்வது பாராட்டத்தக்க நேர்மையாகும். அக்கணக்கு எங்கு நின்றுவிடுகின்றது என்பதனையும் நாம் நோக்குதல் வேண்டும்.

'சுவர்க்கத்தின் நீரூற்றுகள்' எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது ஆங்கில நாவல் 1979இல் வெளிவந்து, ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. அதன் களம் தப்ரபேன் என்னும் தீவு. அது இலங்கையே எனினும், ஆசிரியர் மூன்று மாற்றங்களைச் செய்துள்ளார்: தீவைத் தெற்கே 800 கிலோமீற்றர் நகர்த்திப் பூமத்தியரேகையில் வைத்தார், சிவனொளிபாதமலையின் உயரத்தை இருமடங்காக்கினார், அதனைச் சிகிரியாவுக்கு அண்மையிற் கொணர்ந்தார். சிகிரியா நாவலில் 'யக்ககல', அதாவது பூதக்குன்று, என்ற பெயரைப் பெறுகின்றது. காசியப்பன் அங்கே காளிதாச மன்னனாகின்றான். அவனுக்கு இணையாக, இருபத்திரண்டாம் நூற்றாண்டிலே பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் கோபுரமொன்றை மலையுச்சியில் நிறுவ முனையும் வன்னெவர் மோர்கன் என்னும் பொறியியலாளன் படைக்கப்பட்டுள்ளான். மலையுச்சியை விட்டகல மறுக்கும் துறவிகள் அவனுக்குத் தடையாகின்றனர். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் அத்துறவிகள் வெளியேறவேண்டும் என்னும் பழங்கதை இறுதியில் அத்தடையை நீக்குகின்றது. ஆண்டுதோறும் வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலையை நோக்கிப் பறந்து செல்கின்றன என்பது இந்நாட்டு மக்களிடை நிலவும் நம்பிக்கை. நாவலின் திருப்புமுனையே சாதாரண மக்களின் வாய்மொழி மரபிலிருந்து பெறப்பட்டதாகும்.

விண்ணேறும் கோபுரம் என்னும் கருத்தும் தனியொருவரின் மூளையில் உதித்ததன்று. 1895இல் ருசிய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி, விண்ணளாவும் கோபுரமொன்றைச் சிந்தித்தார். லெனின்கிராட் பொறியியலாளர் யூரி அர்த்சுதானொவ், 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதையிலிருந்து கீழ்நோக்கி வடமிறக்கும் திட்டத்தை 1960 ஜூலை 31இல் 'கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா'வில் விளக்கினார். அது சோவியத் கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தின் பத்திரிகை. அமெரிக்கர் சிலர் 1966இலும், ஜெரோம் பியர்சன் 1975இலும் அதே முடிவுக்குத் தனித்தனியே வந்தனர். கிளார்க் இவர்களுக்குரிய இடத்தை மறைத்தவரல்லர். 'மேதையின் தனித்த கற்பனை' என்று முதலாளித்துவ விமர்சனம் போற்றுவது, உண்மையில் பல நாடுகளின் கூட்டுச் சிந்தனை ஒருவரின் பேனாவிற் குவிந்த நிலையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

கிளார்க்கின் பெயரால் வழங்கும் விதியொன்று உண்டு. போதிய அளவு முன்னேறிய தொழில்நுட்பம் பார்ப்பவருக்கு மாயவித்தையாகவே தோன்றும் என்பது அதன் சாரம். இக்கூற்று பார்ப்பவரின் அறியாமையை மட்டுமே காரணமாகக் காட்டுகின்றது. சரக்கின் பூடகத்தன்மை பற்றிய மார்க்சின் விளக்கத்தோடு இதனை இணைத்து நோக்கும்போது பிறிதொரு காரணமும் புலனாகும். சரக்கிலே உழைப்பு மறைந்துவிடுவதனால் அது தானே உயிர்பெற்ற பொருள்போலத் தோன்றுகின்றது. மாபெரும் நிர்மாணங்களும் அத்தகையனவே. ஆக்கியோர் கண்ணிலிருந்து மறையும்போது ஆக்கம் அற்புதமாகின்றது. 'பூதக்குன்று' என்னும் பெயர் இதனை நன்கு உணர்த்தும். கல்லுடைத்தோர் மறக்கப்பட்டால், கட்டியது பூதமாகத்தானே இருத்தல் வேண்டும்?

மெய்யான சிகிரியாவை நோக்குவாம். சூளவம்சத்தின்படி, தாதுசேனனைக் கொன்று அரியணையேறிய காசியப்பன் (477–495) தம்பி முகலனுக்கு அஞ்சி இக்குன்றைச் சரண்புகுந்தான். சூழவுள்ள நிலத்திலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் எழும் பாறையின் உச்சியில் மாளிகையும், அடிவாரத்தில் நீர்ப்பூங்காக்களும் அமைந்தன. நிலத்தடிக் கால்வாய்களில் நீர் தன் ஈர்ப்பினாலேயே பாய்ந்து, துளையிட்ட கற்றகடுகளின் வழியே பீறிடும் ஊற்றுகள் மாரிகாலத்தில் இன்றும் இயங்குகின்றன. நாவலின் தலைப்பும் இவற்றையே சுட்டும். இவ்வூற்றுகள் மன்னனின் கனவிலிருந்து பாய்ந்தனவல்ல. வரண்ட வலயத்து உழவர் தலைமுறை தலைமுறையாகக் குளங்கட்டிப் பெற்ற நீரியல் அறிவின் விளைவுகளே அவை. தாதுசேனன் காலத்துக் கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்குச் செல்லும் யோத எல என்னும் கால்வாய், தன் முதற் பகுதியில் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் மட்டுமே சரிவுடையது. அத்தகைய நுட்பம் ஏற்கெனவே உழவர் கைவசம் இருந்தமையாலேயே அரசனின் பூங்கா சாத்தியமாயிற்று. செல்வத்தைக் காட்டுமாறு மகனின் ஆட்கள் கேட்டபோது தாதுசேனன் கலாவாவியின் நீரைச் சுட்டிக்காட்டினான் என்பது மரபு. செல்வத்தின் பிறப்பிடம் உழைப்பு என்னும் உண்மை, மன்னர் புகழ் பாடும் நூலிலும் இவ்வாறு ஒருகணம் வெளிப்பட்டுவிடுகின்றது.

கிளார்க்கின் நாவலில் மன்னனும் பொறியியலாளனும் நூற்றாண்டுகளைக் கடந்து முகத்துக்கு முகம் நிற்கின்றனர். கற்சுமந்தோர் பின்னணியாகவே எஞ்சுகின்றனர். இக்குறை மாத்தளையைப் பொறுத்தவரையில் இன்னும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத்து ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாகக் கால்நடையாக வந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மாண்டோர் பலர். சிகிரியாவிலிருந்து அதிக தூரமில்லாத அவ்வடபாதையே மலையகப் பொருளாதாரத்தின் அத்திவாரம். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 வரை தொடர்ந்து தேவைப்பட்டது. கிளார்க்குக்கு 1975இல் 'வதிவிட விருந்தினர்' தகுதி வழங்கப்பட்டது. அவ்வாண்டுகளில் மாத்தளைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. இது கிளார்க்கின் தனிப்பட்ட குற்றமன்று. ஆயினும், தீவை 800 கிலோமீற்றர் நகர்த்தியமையைக் கணக்கில் வைத்த பின்னுரையில் மக்கள் நகர்த்தப்பட்ட தூரத்துக்கு இடமிருக்கவில்லை.

அம்மக்களிடம் கற்பனை இல்லாதிருந்ததா? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசைகாட்டிய கதை மலையகமெங்கும் வழங்குவது. அதுவும் ஒரு விந்தைக் கதையே. ஆனால் அது ஆட்சேர்ப்பின் கருவி. சுரண்டும் வர்க்கத்துக்குப் பயன்பட்ட கற்பனை. அதற்கு எதிராகத் தோட்டமக்கள் தமக்கெனப் பேணிக்கொண்டது காமன் கூத்து. எரிந்த காமன் மீண்டெழுவதை ஆண்டுதோறும் ஊர்கூடி நிகழ்த்தும் அக்கூத்திலே, தெய்வமும் தொழிலாளியும் ஒரே களத்தில் ஆடுவர். கற்பனை எந்த வர்க்கத்தின் கையிலுள்ளது என்பதைப் பொறுத்தே அது விலங்காகவும் விடுதலையாகவும் அமையும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்று. கிளார்க்கின் நாவல் வந்த மறு ஆண்டு, 1980இல், மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் கதைகள் 'தோட்டக்காட்டினிலே' என்னும் தொகுதியாக வெளிவந்தன. ஒரே மாவட்டத்தைப் பற்றிய இரு எழுத்துகள் ஒன்றையொன்று அறியாமலே அடுத்தடுத்து நின்றன. ஒன்று விண்ணை நோக்கியது. மற்றையது லயத்தை நோக்கியது.

இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றையதைத் தள்ளுதல் இயங்கியல் நோக்காகாது. கிளார்க்கிடம் நமது இளம் எழுத்தாளர் கற்கவேண்டியன பல: வாய்மொழி நம்பிக்கையை மதித்தல், நிலவியலையும் வரலாற்றையும் நுணுகிக் கற்றல், ஒரு கருவை ஆண்டுக்கணக்கில் வளர்த்தல், பெற்ற கடனைப் பகிரங்கமாகச் சொல்லுதல். அவரிடம் இல்லாததை மாத்தளையின் கதைஞரிடமும் கூத்தரிடமும் கற்றல் வேண்டும். அற்புதத்தைக் கண்டவிடத்து, இதனைச் செய்த கைகள் யாருடையவை என்று வினவும் பழக்கமே அது. தோட்டப் பாடசாலையிற் படிக்கும் ஒரு பிள்ளை நாளை எழுதப்போகும் விந்தைக் கதையில் சிகிரியாவும் வரலாம், விண்ணேறும் கோபுரமும் வரலாம். வடபாதையில் நடந்தோரும் அதிற் பெயரோடு வருவாராயின், அக்கற்பனை கிளார்க்கினதை விட முழுமையானதாய் இருக்கும்.