வரைபடத்துக்கும் ஓர் அஞ்சறைப்பெட்டி!

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புது வீடு. கார்பென்டர் கட்டிலைச் செய்து முடித்துவிட்டார். பாலிஷ் வாசனைகூட இன்னும் போகவில்லை. கடையிலிருந்து ‘கிங் சைஸ்’ மெத்தை வந்து இறங்குகிறது. விரித்துப் பார்த்தால் அகலத்தில் 4 அங்குலம், நீளத்தில் 2 அங்குலம் இடைவெளி! கார்பென்டரைக் கேட்டால், “டிராயிங்ல இருந்த அளவுதானே மேடம் செஞ்சேன்?” என்கிறார். அவர் சொல்வது சரிதான்.

தப்பு வரைபடத்தில். அதிலிருந்த கட்டில், இணையத்திலிருந்து இறக்கியது. அமெரிக்க கிங் சைஸ் 76-க்கு 80 அங்குலம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் 72-க்கு 78.

வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் இன்டீரியர் டிசைன் செய்யும் பெண்கள் இன்று நிறைய. முதல் இரண்டு, மூன்று வேலைகளில் எடுக்கும் பெயர்தான் அடுத்த வேலையைக் கொண்டுவரும். அந்தப் பெயரைக் காப்பாற்ற, ஒழுங்கான ‘பிளாக்’ நூலகம் பெரிதும் உதவும்.

பிளாக் என்றால்..?

1982-ல் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பழகிய சொல். கட்டில், நாற்காலி, கதவு, வாஷ்பேசின் என ஒருமுறை வரைந்ததைச் சேமித்து, வேண்டிய இடத்தில் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஸ்கெட்ச்அப்பில் இதையே ‘காம்பொனென்ட்’ என்பார்கள். ஆறு நாற்காலி வைத்த பிறகு அளவை மாற்ற வேண்டுமா? மூல பிளாக்கைத் திருத்தினால் ஆறும் மாறிவிடும். வரைபடத்தில் எத்தனை விளக்கு, எத்தனை கதவு என்று எண்ணவும் முடியும் என்பதால், எஸ்டிமேட் போடுவதும் சுலபம்.

இறக்கியதை நேரே சேர்க்காதீர்கள்

கடையில் வாங்கிய பருப்பைக் கல் பார்க்காமல் டப்பாவில் கொட்டுவோமா? இதுவும் அப்படித்தான். ‘சோதிக்காதவை’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, இறக்கியதை முதலில் அதில் போடுங்கள். அளவு, அலகு இரண்டையும் பார்த்த பிறகே நூலகத்துக்குள் விடுங்கள்.

அலகு மிக முக்கியம். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அங்குலத்தில் வரைந்த 78 அங்குலக் கட்டில், அலகு குறிக்காமல் மில்லிமீட்டர் வரைபடத்துக்குள் வந்தால் வெறும் 78 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இது கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. அதைக் கண்ணளவில் இழுத்துப் பெரிதாக்குவதுதான் ஆபத்து. பார்க்கச் சரியாகத் தெரியும். அளவு தப்பாக இருக்கும்.

பெயர் வைப்பதில் கவனம்

‘பெட் 1’, ‘புதுசு’, ‘ஃபைனல்’ போன்ற பெயர்கள் வேண்டாம். வரைபடத்தில் ஏற்கெனவே ‘பெட் 1’ இருந்தால், நீங்கள் புதிதாகக் கொண்டுவரும் ‘பெட் 1’-க்குப் பதில் பழையதே வந்து உட்காரும். ‘கட்டில் - கிங் - 72x78 - மேல்தோற்றம்’ என்று பொருள், வகை, அளவு, தோற்றம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ஃபோல்டர்களையும் படுக்கையறை, சமையலறை, குளியலறை, மின்சாரம் என்று பிரித்துவிடுங்கள்.

மூன்று சின்ன விதிகள்

* பிளாக்கை ‘0’ லேயரில், நிறத்தை ‘பைலேயர்’ என்று வைத்து வரையுங்கள். எந்த லேயரில் வைக்கிறீர்களோ அதன் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்.
* பிடிக்கும் புள்ளியை யோசித்து வையுங்கள். கதவுக்குக் கீல் பக்க மூலை, கட்டிலுக்குத் தலைமாட்டு நடு.
* மூல நூலகத்தை யாரும் தவறுதலாக மாற்றாதபடி பூட்டி, இன்னொரு பிரதியை வேறு இடத்தில் சேமியுங்கள்.

நம் வீட்டுப் பொருள்கள் எங்கே?

இறக்கும் தொகுப்புகளில் டிஷ்வாஷர் இருக்கும்; வெட் கிரைண்டர் இருக்காது. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர், பூஜை அலமாரி, இரும்பு பீரோ, ஊஞ்சல் இவற்றை எல்லாம் நேரில் டேப் பிடித்து அளந்து, நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். சிலிண்டருக்கு இடம் விடாத சமையலறைப் படம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. அடிக்கடி பயன்படும் பத்துப் பொருள்களோடு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாலைந்தைச் சேர்த்து வாருங்கள்.

வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளைவுட்டை அறுப்பதற்கு முன் டிசைனரிடம், “இந்தக் கட்டில் எந்த அளவு மெத்தைக்கு?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பலகையை அறுத்த பிறகு கேட்டால் செலவு உங்களுடையது.