அலோய் வீலுக்கு லொக் நட் போதுமா?

வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். அலோய் வீல் போட்ட காருக்கு லொக் நட் மாட்டிவிட்டால் களவு போகாதா? சுருக்கமான பதில் இதுதான்: அவசரக் கள்வன் திரும்பிப் போவான், ஆயத்தத்தோடு வந்தவன் போகமாட்டான். விரிவான பதிலில் நமது கடைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முன்பு அலோய் வீல் என்பது ஓர் அலங்காரப் பொருள். இப்போது அது ஒரு முதலீடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது, வரியோ கடுமையானது. இந்த ஆண்டுகளில் பழைய வாகனத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை ஏறிற்று. பக்கக் கண்ணாடி முதல் சக்கரம் வரை, கழற்றி விற்கக்கூடியதெல்லாம் கள்வனின் கண்ணில் பட்டது.

நமது வியாபாரிகளின் வாகனங்கள் இரவில் கண்ட இடத்தில் நிற்பவை. சரக்கெடுக்கப் புறக்கோட்டைக்குப் போனால் ஏதாவது ஒரு வீதியோரத்தில் நிற்கும். அறுவடைக் காலத்தில் நெல் வாங்கப் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பழுகாமம், வெல்லாவெளிப் பக்கம் போனால் ஏதாவது ஒரு வளவில் நிற்கும். பழுகாமம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நாட்களில் எழுவான்கரையிலிருந்து வரும் வாகனங்களோடு, வியாபாரத்துக்குப் போனவரின் வாகனமும் வரிசையில் நிற்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. கட்டும் கயிறு எப்படிப்பட்டது என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

லொக் நட் செய்யும் வேலை

சாதாரண வீல் நட் அறுகோணமானது. எந்த வீல் ஸ்பானரும் அதைக் கழற்றும். லொக் நட் வெளியே உருண்டையாக இருக்கும். அதன் முகத்தில் ஒரு கோலம் வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோலத்துக்குப் பொருந்தும் சாவி இல்லாமல் ஸ்பானர் பிடிக்காது. ஒரு சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு லொக் நட்டும் ஒரு சாவியும் ஒரு செட்டாக வரும்.

இதை வெல்லும் வழிகளும் உண்டு. நட்டைவிடச் சற்றுச் சிறிய சொக்கட்டைச் சுத்தியலால் அதன்மேல் அடித்து இறுக்கித் திருகினால் மலிவான லொக் நட் கழன்றுவிடும். பல கோலங்களுக்குப் பொருந்தும் சாவிக் கட்டுகளும் உலகச் சந்தையில் விற்பனையாகின்றன. எனவே லொக் நட் களவைத் தடுக்கிறது என்று சொல்வதைவிட, கள்வனுக்குச் சத்தத்தையும் நேரத்தையும் கூட்டுகிறது என்று சொல்வதே சரி. நான்கு சக்கரத்தையும் கழற்ற வந்தவன் நான்கு தடவை சுத்தியல் அடிக்க வேண்டும். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அது பெரிய தடை. ஆளில்லாத இருட்டில் அது சிறிய தடை.

வாங்கும்போது சொக்கட் பிடிக்காதவாறு வெளி வளையம் தனியாகச் சுழலும் வகையைப் பாருங்கள். உருக்கு கடினமானதாக இருக்க வேண்டும். மரையும் பொருந்த வேண்டும். டொயோட்டா, ஹொண்டா கார்களில் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் மரை. சுசுகி, நிசான் கார்களில் 1.25. இரண்டும் 12 மில்லிமீற்றர் தடிப்பு என்பதால் மாறிப்போக இடமுண்டு. மாறிய நட்டை ஏர் கன்னால் ஏற்றினால் மரை நாசமாகும். நட் உட்காரும் அடிப்பாகமும் வீலுக்கு வீல் வேறுபடும். ஹொண்டாவின் கம்பனி வீலுக்கு உருண்டை அடி. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு அடி. தவறான நட் இறுகியதுபோல் தோன்றி, ஓட்டத்தில் தளரும்.

லொக் நட்டைக் கையால் இறுக்குங்கள். ஏர் கன் அதன் கோலத்தை உடைத்துவிடும். டொயோட்டாவின் சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு இறுக்க அளவு 103 நியூட்டன் மீற்றர். வீல் மாற்றினால் 100 கிலோமீற்றருக்குள் ஒரு தடவை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நல்லது. வாவியோரத்து உப்புக்காற்றில் நிற்கும் வாகனங்களுக்கு நட் துருப்பிடித்து இறுகும் தொல்லையும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

சாவி கவனம்

லொக் நட்டால் கள்வனைவிட அதிகம் சிரமப்படுபவர் சில வேளைகளில் சொந்தக்காரரே. டயர் கடையில் சாவியைக் கொடுத்துத் திருப்பி வாங்க மறந்தவர், வெல்லாவெளி வீதியில் இரவு பஞ்சரானால் என்ன செய்வார்? ஸ்பெயார் வீல் இருக்கும், கழற்ற வழியிருக்காது. சாவியோடு வரும் இலக்க அட்டையைப் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பயணத்தில் சாவி வாகனத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஜக்கோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஜக்கைத் தேடும் கள்வனுக்குச் சாவியையும் நாமே கொடுத்தது போலாகும்.

இன்னும் இரண்டு விடயங்கள். வானுக்கும் டிமோ பட்டாவுக்கும் ஸ்பெயார் வீல் அடியில் தொங்குகிறது. லொக் நட் அதைக் காக்காது. அதற்கு ஒரு சங்கிலியும் நல்ல பூட்டும் வேண்டும். மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. கள்வன் மூன்று நட்டைக் கழற்றி, நான்காவதான லொக் நட்டில் தோற்று ஓடியிருக்கலாம். சக்கரம் பார்வைக்கு அப்படியே இருக்கும். வெளியூரில் இரவு நிறுத்திய வாகனத்தைக் காலையில் எடுக்கும்போது நான்கு பக்கமும் சுற்றி, நட்டுகளை எண்ணிப் பாருங்கள். அரை நிமிட வேலை அது.

காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். பின்னர் வாங்கிப் போட்ட வீல் அறிவிக்கப்படாவிட்டால் நட்டஈடு கிடைப்பது கடினம். வாகனம் நிற்க, பாகம் மட்டும் களவு போனால் கொடுப்பார்களா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீலின் உட்புறத்தில் வார்க்கப்பட்டுள்ள அளவு, இலக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள்.

வாங்குபவர் யார்?

இவ்வளவும் சொந்தக்காரர் செய்ய வேண்டியவை. ஆனால் கள்வன் அலோய் வீலைத் தின்ன முடியாது. அவனுக்கு வேண்டியது காசு. அந்தக் காசை ஒரு டயர் கடைக்காரரோ, உதிரிப்பாக வியாபாரியோ, பழைய இரும்பு வாங்குபவரோதான் கொடுக்கிறார். வாங்குபவர் இல்லாத பொருளை எவனும் நடுநிசியில் கழற்றப் போவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உலோகக் களவு பெரும் தலையிடியாக இருந்தது. 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்குக் காசு கையில் கொடுப்பதைத் தடைசெய்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம், விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்த்துப் பதிய வேண்டுமென்றது. அடுத்த சில ஆண்டுகளில் களவு பெருமளவு குறைந்தது. உலோக விலை இறங்கியதும் ஒரு காரணம். ஆயினும் கள்வனைத் துரத்துவதோடு நில்லாமல் அவனுடைய சந்தையையும் மூடினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நமது நாட்டிலும் களவுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று சொல்பவருக்கு, தெரிந்துகொள்ள அவர் என்ன முயற்சி எடுத்தார் என்ற கேள்வி பொலிஸிலும் வரும், மறுமையிலும் வரும்.

ஆகவே பாவித்த வீல் வாங்கும் கடைகள் ஒரு புத்தகம் வைக்கட்டும். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, எந்த இலக்க வாகனத்திலிருந்து வந்தது, வீலின் படம், திகதி ஆகியவை அதில் இருக்கட்டும். முடிந்தால் பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். நட் துளையைச் சுற்றிச் சுத்தியல் அடிபட்ட காயமுள்ள வீல், நல்ல டயரோடு பாதி விலைக்கு வரும் வீல், இரவில் முச்சக்கரவண்டியில் வரும் இரண்டு மூன்று தனி வீல் ஆகியவற்றைத் திருப்பி அனுப்புங்கள். அப்படி ஒன்று வந்தது என்பதை ஊர் வர்த்தக சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அடுத்த கடையும் விழித்துக்கொள்ளும்.

இதனால் ஒரு நாள் வியாபாரம் குறையலாம். களவுப் பொருளில் வந்த இலாபம் கல்லாவில் இருந்தாலும் அதில் பரக்கத் இருக்காது. இன்று நாம் மலிவாக வாங்கும் வீலுக்குச் சொந்தக்காரர், சரக்கெடுக்கப் போன இடத்தில் கல்லின்மேல் நிற்கும் காரைப் பார்த்துத் திகைத்து நிற்கும் நம்மைப் போன்ற ஒரு வியாபாரியாகவும் இருக்கலாம். லொக் நட்டை மாட்டுவோம். கடையில் அந்தப் புத்தகத்தையும் திறப்போம், இன்ஷா அல்லாஹ்.