துரை பங்களாவின் பிரம்பு நாற்காலி

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் துரை பங்களா வராந்தா என்றால் ஒரு நீண்ட சாய்வு நாற்காலியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். கைப்பிடிக்கு அடியில் மடங்கியிருக்கும் பலகையை வெளியே திருப்பினால் அதன்மேல் காலை நீட்டிக்கொள்ளலாம். துரைமாரின் சொந்த நாட்டுக் கிராமத்து மாளிகைகளில் இருந்ததோ மெத்தை ஆசனம்: மரச்சட்டத்தில் நாடாப் பட்டைகளை இறுக்கி, குதிரை மயிரை அடைத்து, கம்பளியோ பட்டோ போர்த்தியது. 1828இல் சாமுவேல் பிராட் காப்புரிமை பெற்ற பிறகு அதற்குள் சுருள்வில்லும் புகுந்தது. அதற்கு வக்கில்லாத இடத்தில் மலிவாகக் கிடைத்த மாற்றுதான் பிரம்பு என்று எண்ணத் தோன்றும். இரண்டும் எதனால் ஆனவை என்று பார்த்தால் கதை தலைகீழ்.

குதிரை மயிரைக் குறை சொல்வதற்கில்லை. எளிதில் மக்காது, அமுக்கினால் எழும். சிக்கல் அதைச் சுற்றியிருப்பவற்றில். காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊரில் ஆணியும் வில்லும் துருப்பிடிக்கும், பசை இளகும், உறைத்துணியில் பூஞ்சணம் பூக்கும், தையல் மடிப்பில் மூட்டைப்பூச்சி குடியேறும். பின்னல் இருக்கையில் வியர்வை தேங்கவே வழியில்லை. பிரம்பை மூங்கிலின் உறவாக நினைப்போர் உண்டு. அது மரங்களைப் பற்றி ஏறும் முட்கொடிப் பனை, உள்ளே குழல் கிடையாது. தடித்த மானாவ் வகை சட்டத்துக்கு, மெல்லிய செகா பின்னலுக்கு. செகாவின் பளபளப்பான மேல்தோலை நாராக உரித்து, நனைத்து, சட்டத்துத் துளைகளில் கோத்து ஆறு சுற்றாகப் பின்னினால் எண்கோணக் கண்கள் விழும். நார் உலரும்போது சுருங்கிப் பறைத்தோல் போல இறுகிவிடும்.

வெப்ப நாட்டுக்கு மட்டும் பொருந்தும் வாதம் இது என்று மறுக்கலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலேயே கம்பளி வணிகர்கள் பிரம்பு நாற்காலியைத் தடுக்கச் சொல்லி நாடாளுமன்றத்தை நாடினார்கள். நாற்காலி செய்தவர்கள் தந்த பதில், தூசியும் அந்துப்பூச்சியும் இதில் தங்காது என்பதே. பிரம்பையும் வண்டு துளைக்கும், அதிகம் காய்ந்தால் நார் ஒடியும் என்பது சரியான மறுப்பு. ஆனால் சட்டம் அப்படியே இருக்க, பின்னலை மட்டும் புதுப்பிக்கலாம். தொய்ந்த பின்னலை அடிப்பக்கம் நனைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் மீண்டும் இறுகும். கால் நீட்டும் பலகையைத்தான் காற்றோட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு ஓடிய பால்வெட்டுக்காரருக்கு அது யாருடைய ஓய்வு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.